குடிக்காதவனின் நடுக்கம்

றொட்னி தன் வாழ்நாளில் ஒரு போத்தல் பியர்கூட முழுதாகக் குடித்ததில்லை. சாராய மணமே அவனுக்குக் குமட்டும். ஆனாலும் மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஊரான வங்காலையில் அவனுக்குக் குடிகாரன் என்று பெயர் விழுந்துவிட்டது.

முதலில் வலது கால் இழுத்தது. செருப்பு அவனுக்குத் தெரியாமலே கழன்று மணலில் பின்தங்கிவிடும். பிறகு வலது கை ஆடத் தொடங்கியது. கோயிலில் நற்கருணை வாங்க நீட்டும்போதும் ஆடியது. பேச்சு இழுபட்டது. முகத்தில் சிரிப்போ கோபமோ எதுவும் தெரியாமல் போனது. முப்பத்திரண்டு வயது, கடலுக்குப் போகிற ஆள். ஊருக்கு வேறென்ன தோன்றும்?

அவன் தொழில் செய்தது தாய்மாமன் அமிர்தநாயகத்தின் படகில். ஊரில் நாலு பேர் கூடும் இடத்தில் கடைசி வார்த்தை அவருடையதாகத்தான் இருக்கும். அவருடைய மூத்த மகள் றஞ்சிதாவை றொட்னிக்குக் கொடுப்பதென்று முன்பே பேசி முடித்திருந்தார்கள்.

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பியிருந்த ஒரு காலை, கரைக்குத் திரும்பும்போது எஞ்சின் பிடியில் இருந்த றொட்னியின் கை அப்படியே இறுகிப்போனது. வேகத்தைக் குறைக்க விரலை அசைக்கப் பார்த்தான். விரல் கேட்கவில்லை. படகு, கட்டியிருந்த இன்னொரு படகின்மேல் போய் ஏறியது. கூட வந்த றொகான் தூக்கி எறியப்பட்டுத் தோள்மூட்டு விலகி அலறினான்.

அமிர்தநாயகம் கரையிலிருந்த மீன் வாடியிலிருந்து ஓடி வந்தார். நேரே வந்து றொட்னியின் கன்னத்தில் அறைந்தார்.

"விடியக் காலமையே ஊத்திப்போட்டு வந்திட்டியோடா?"

"இல்லை மாமா. கை..."

"பொத்தடா வாயை!"

பக்கத்தில் நின்ற ஒருவன் றொட்னியின் வாயை மோந்து பார்த்தான். ஒன்றும் மணக்கவில்லை. அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அமிர்தநாயகம் அவனை மடுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய் மாதாவின் முன்னால் முழங்காலில் நிறுத்தினார். குடிக்காதவன், இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தான். கை தொடர்ந்து ஆடியது. சத்தியத்தையும் முறித்துவிட்டான் என்று மாமா கலியாணப் பேச்சை நிறுத்தினார். படகிலும் இடமில்லை என்றார்.

அந்த மாதம்தான் றொட்னியின் தங்கை டினோஜா கனடாவிலிருந்து வந்தாள். அங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. போன பிறகு இதுதான் முதல் வருகை. தகப்பன் இறந்தபோது அவளுடைய விசா முடிந்து, புதியது வராமல் இருந்தது. வெளியே போனால் திரும்ப விடமாட்டார்கள் என்று நின்றுவிட்டாள். றொட்னி அதை ஒரு காரணமாகவே எடுக்கவில்லை. இப்போது அவள் வந்திருப்பதும் தாய் மதலேனா போனில் அழுததால்தான். "கொண்ணன் குடிச்சு அழியிறான். வந்து புத்தி சொல்லு பிள்ளை."

மன்னார் பஸ் நிலையத்தில் அவளைக் கூட்டிப்போக றொட்னி வந்திருந்தான். அவன் சொன்ன முதல் வார்த்தை, "அப்பாவைத் தாட்ட இடத்தில புல்லும் முளைச்சிட்டுது. இப்பதான் உனக்கு வழி தெரிஞ்சுதோ?"

அவன் அவளுடைய பெட்டியை இடது கையால் இழுத்துக்கொண்டு ஓட்டோவை நோக்கி முன்னால் நடந்தான். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கிடந்தது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் எதையோ உருட்டுவதுபோல் ஒன்றோடொன்று தேய்ந்துகொண்டிருந்தன. வலது பாதம் உள்ளே திரும்பி மண்ணில் கோடு கீறிக்கொண்டு போனது. அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"என்ன பாக்கிறாய்? வெறியில நடக்கிறன் எண்டோ?"

"இல்லை" என்றாள்.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட இருந்தார்கள். றொட்னி கரண்டியால் சாப்பிட்டான். சோறு மடியில் சிந்தியது. மதலேனா அதைப் பார்க்காமல் மீன் குழம்பை ஊற்றினாள்.

"அண்ணா, காலமை நித்திரையால எழும்பினவுடன உனக்கு இது குறைவா இருக்கோ?"

றொட்னியின் கரண்டி நின்றது. "ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எழும்பிக் கொஞ்ச நேரம் கால் லேசா இருக்கும். பிறகு வெயில் ஏற ஏற இழுக்கும். ஓமோ இல்லையோ?"

அவன் இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே ஒவ்வொரு நாளும் மற்றவர்களுக்கு முன்னால் எழும்பிக் கிணற்றடிக்கு நடந்து போய் வருவான்.

"ஓம்" என்றான்.

"குடிச்சவன் நித்திரை கொண்டா வெறி முறியுந்தானே" என்றாள் மதலேனா.

"அம்மா, அண்ணா குடிக்கிறதை ஒரு நாளாவது கண்டனீங்களோ?"

மதலேனா தண்ணீர் எடுக்க எழும்பிப் போனாள்.

டினோஜா வைத்தியர் அல்ல. புரதங்களைப் பளிங்காக வளர்த்து, அவற்றின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்தை வைத்துப் புரதத்தின் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று கணக்கிடுவது அவளுடைய வேலை. கனடாவுக்குப் போன நாளிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தது பார்கின் என்ற ஒரே புரதம். யூபிக்குவிட்டின் லைகேஸ் என்ற வகையைச் சேர்ந்தது. அது பழுதானால் இளவயதிலேயே நடுக்க வருத்தம் என்ற நோய் வருமென்று அவளுக்குத் தெரியும். அப்படி வந்த ஒருவரை நேரில் கண்டது அன்றைக்குத்தான்.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து அவனுக்கு முன்னால் இருந்தாள்.

"எங்கட உடம்பில ஒவ்வொரு கலத்துக்குள்ளயும் சின்னச் சின்ன எஞ்சின் இருக்கெண்டு வை..."

"எஞ்சினை வைச்சு எனக்குக் கதை சொல்லாத. நான் என்ன பாலர் வகுப்போ? விஷயத்தைச் சொல்லு."

டினோஜாவின் முகம் சிவந்தது. பிறகு நேராகவே சொன்னாள். "கலத்துக்குச் சக்தி குடுக்கிறது இழைமணி. அது பழுதாப்போனா அப்புறப்படுத்தவேணும். பார்கின் எண்ட புரதம்தான் பழுதானதை அடையாளம் போட்டுக் காட்டுறது. யூபிக்குவிட்டின் எண்டு இன்னொரு சின்னப் புரதத்தை எடுத்து அதில ஒட்டும். அந்த ஒட்டைக் கண்டா கலம் அதை அழிச்சுப்போடும். உன்ர உடம்பில பார்கின் வேலை செய்யேல்லை எண்டு நினைக்கிறன். பழுதெல்லாம் அப்பிடியே கிடந்து, மூளையில ஒரு இடத்துக் கலங்கள் சாகுது. அந்த இடம்தான் நீ நடக்கிறதையும் கையை ஆட்டுறதையும் நடத்துறது."

"நல்லா வேலை செய்யிறவனுக்கு அது என்ன செய்துகொண்டிருக்கும்?"

"சும்மா இருக்கும். தன்ர ஒரு பகுதியாலயே தன்ர வேலை செய்யிற இடத்தைப் பொத்திக்கொண்டு மடிஞ்சு கிடக்கும். பழுது வந்தா மட்டும் விரியும். அந்த மடிப்பு எப்பிடி விரியுது எண்டுதான் நான் பாக்கிறன்."

"எத்தினை வருஷமாப் பாக்கிறாய்?"

"போனதில இருந்து."

றொட்னி கரண்டியைக் கோப்பைக்குள் எறிந்தான். "நீ அங்க என்ர வருத்தத்தைக் கண்ணாடிக்குள்ள வைச்சு வடிவு பாத்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் இஞ்ச அதுக்கு அடி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறன்."

"எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணா? நீ ஒரு நாளாவது என்னோட போனில கதைச்சனியோ?"

"நீ அப்பாவுக்கு வந்திருந்தா கதைச்சிருப்பன்."

அவன் எழும்பிப் போனான். வாசலில் கால் தடக்கி நிலையைப் பிடித்துக்கொண்டான். அவள் உதவ எழும்பியதைக் கண்டு, "கிட்ட வராத" என்றான்.

அடுத்த நாள் பின்னேரம் அமிர்தநாயகம் வந்தார். மதலேனா எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தாள். கதிரையை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு அமர்ந்தார். டினோஜாவை இருக்கச் சொல்லவில்லை.

"பரம்பரை வருத்தம் எண்டு சொன்னியாம்."

"ஓம் மாமா. அப்பா பக்கத்தாலயும் அம்மா பக்கத்தாலயும் ஒரே பழுது வந்து சேர்ந்தாத்தான் இது வரும். சொந்தத்துக்குள்ள முடிச்சா அதுக்கு வாய்ப்புக் கூட."

"உன்ர கொப்பருக்கும் கொம்மாவுக்கும் கலியாணம் செய்து வைச்சதே நான்தான். மச்சானுக்கு மச்சாளைக் கட்ட ஆயரிட்டக் கோயில் சட்ட விலக்குக் கேட்டு நடையா நடந்ததும் நான்தான். அதைப் பிழையெண்டு சொல்லவோ இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்தனி?"

"ஒருத்தரையும் பிழை சொல்லேல்லை. அண்ணாவை டொக்டரிட்டக் காட்டவேணும். மருந்து இருக்கு."

"கேள் பிள்ளை." அவர் குரலைத் தாழ்த்தினார். "குடிகாரன் திருந்துவான். இரத்தம் திருந்துமோ? எனக்கு மூண்டு பொம்பிளைப் பிள்ளையள். இந்தக் கதை கோயில் வாசலுக்குப் போனா அதுகளை ஆர் கட்டுவாங்கள்? றொட்னி குடிகாரன். அவ்வளவுதான். நீ வேற ஏதும் வாயைத் திறந்தியெண்டா, கொம்மா படியேற இந்த ஊரில ஒரு வீடு இருக்காது."

அவர் போனபின் மதலேனா கதிரையை உள்ளே எடுத்து வைத்தாள்.

"மாமா சொல்லுறதைக் கேள். நீ போயிடுவாய். இந்தச் சனத்துக்குள்ள இருக்கப்போறது நான்."

"அப்ப அண்ணா?"

"அவன் என்ர பிள்ளை. எனக்குத் தெரியும் அவனை எப்பிடிப் பாக்கிறதெண்டு" என்று மதலேனா கத்தினாள்.

ஆனால் மறுநாள் காலை றொட்னி பொத்தான் மாறிப் பூட்டிய சேட்டோடு டினோஜாவின் முன்னால் வந்து நின்றான்.

"யாழ்ப்பாண பஸ் எத்தினை மணிக்கு?"

அவள் கைப்பையை எடுக்க எழும்பினாள்.

"உனக்காக இல்லை. எழும்பினவுடன கால் லேசா இருக்கிறது எனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம். அது உனக்கு எப்பிடித் தெரிஞ்சதெண்டு பாக்கத்தான் வாறன்."

யாழ்ப்பாணத்தில் நரம்பு வைத்திய நிபுணர் அவனை நடக்கவிட்டார், திரும்பவிட்டார், விரல்களைத் தட்டச் சொன்னார், முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். குடிப்பீரோ என்று கேட்டார். இல்லை என்றான். அவர் அதை அப்படியே நம்பி அடுத்த கேள்விக்குப் போனது றொட்னிக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பரம்பரை அலகுச் சோதனைக்கு இரத்தம் எடுத்தார்கள். மருந்துக் குளிசையைப் பாதியாக உடைத்துத் தொடங்கச் சொன்னார்கள்.

அடுத்த நாள் வெறும் வயிற்றில் முதல் குளிசையைப் போட்டான். ஒரு பூசை முடிகிற அளவு நேரம் போயிருக்கும். வாசல் குந்தில் இருந்தவன் தன் கையைப் பார்த்தான். அது மடியில் சும்மா கிடந்தது. சேட்டைக் கழற்றித் திரும்பப் போட்டு, பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினான். பிறகு எழும்பிக் கடற்கரைக்கு நடந்தான். நடை வேகமானது. மணலில் இறங்கியதும் ஓடத் தொடங்கினான். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். டினோஜா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அலை நனைக்கும் இடத்தில் அவன் மூச்சு வாங்க இருந்தான். அவள் சிரித்துக்கொண்டே போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"இந்தக் குளிசை எப்ப கண்டுபிடிச்சது?" என்று கேட்டான்.

"அம்பது வருஷத்துக்கும் மேல."

"நான் பிறக்க முதலே."

"ஓம்."

"மாமா அறைஞ்ச அண்டைக்கு இது மன்னாரில இருந்ததோ?"

"இருந்திருக்கும்."

அவன் ஈர மணலை ஒரு கை அள்ளி அவள்மேல் எறிந்தான். அது அவளுடைய பாவாடையில் அப்பியது. அவள் சிரிப்பு போய்விட்டது. இன்னொரு கையும் அள்ளினான். எறிகிற கை கொஞ்சமும் நடுங்கவில்லை.

"போ. உன்ர முகத்தைப் பாக்க எனக்கு விருப்பமில்லை."

அவள் போனாள். வெகுதூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவன் முழங்காலுக்குள் முகத்தை வைத்துக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

சில கிழமைகளில் ஊர் வேறு கதை பேசியது. மடுமாதா கைவிடவில்லை, றொட்னி குடியை விட்டுவிட்டான் என்றார்கள். கோயில் வாசலில் ஆட்கள் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அமிர்தநாயகம் அவனைத் தோளில் தட்டி, "நான் கொண்டுபோய் முழங்காலில விட்டபடியால்தான் தப்பினான்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். படகில் இடம் கிடைத்தது. நின்றுபோன கலியாணமும் எழும்பியது. ஆயரிடம் மறுபடி விலக்குக் கேட்டார்கள்.

றொட்னி ஒன்றையும் மறுக்கவில்லை. திருந்திய குடிகாரனுக்கு ஊர் இடம் கொடுத்தது. வருத்தக்காரனுக்கு யார் படகு கொடுப்பார்கள்? குளிசையை வாடிக்குப் பின்னால் ஒளிந்து நின்று விழுங்கினான்.

சோதனை முடிவு வந்துவிட்டது என்று யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் போனார்கள். நிபுணர் விளக்கமாகச் சொன்னார். பார்கினுக்கான பரம்பரை அலகின் இரண்டு பிரதியிலும் ஒரே பழுது. புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மாறியிருக்கிறது. "சொந்தத்துக்குள்ள கலியாணம் பேசியிருந்தா, அந்தப் பிள்ளையையும் சோதிச்சுப்போட்டு முடிவெடுங்கோ" என்றார். மாறியிருந்த கண்ணி எதுவென்று அவர் சொன்னதும் டினோஜா முடிவுத் தாளை வாங்கி அந்த வரியைத் தானே வாசித்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அவன் கேட்டான், "டொக்டர் அந்த இடத்தைச் சொன்னவுடன ஏன் உனக்கு முகம் செத்துப்போச்சு?"

"எனக்கு அந்த இடத்தைத் தெரியும். பார்கின் முழுக்க எட்டுத் துத்தநாக அணுதான் மடிப்புகளைப் பிடிச்சு வைச்சிருக்கு. அதில ஒண்டைப் பிடிக்கிற கண்ணிதான் உனக்கு மாறியிருக்கு. பிடி விட்டா மடிப்பெல்லாம் குலைஞ்சுபோகும். அதே மாற்றத்தோட அந்தப் புரதத்தை நான் ஆய்வுகூடத்தில செய்தனான். பளிங்கு வளரேல்லை. வெள்ளையாத் திரைஞ்சுபோய்க் கிடந்தது."

"பிறகு?"

"வேலைக்கு உதவாதெண்டு தொட்டிக்குள்ள ஊத்திப்போட்டு அடுத்ததைத் தொடங்கினன்."

றொட்னி சிரித்தான். அவள் வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். கேட்க நன்றாக இல்லை. "மாமாவும் அதைத்தானே செய்தவர்."

பஸ் பூநகரியைத் தாண்டியது. பிறகு டினோஜா, "றஞ்சிதாவுக்குச் சொல்லு" என்றாள்.

"சொல்லமாட்டன்."

"அவளிட்ட இந்தப் பழுது இல்லையெண்டா பயமே இல்லை, பிள்ளையளுக்கு இந்த வருத்தம் வராது. இருந்துதெண்டா பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி உன்னைப்போல வரலாம். அது அவளுக்குத் தெரியவேணும்."

"சொன்னா மாமா விடமாட்டார். படகும் போகும், அவளும் போவாள். நீ சொன்னியோ, எனக்குத் தங்கச்சி இல்லை."

"இப்பமட்டும் இருக்கிறனோ?"

அவன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஞாயிறு பூசையில் முதல் கலியாண ஓலை வாசித்தார்கள். இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் மதலேனா டினோஜாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் தோலுக்குள் இறங்கியது. வாசித்து முடியும்வரை விடவில்லை. இரண்டு வரிசை முன்னால் றஞ்சிதா தலையில் முக்காட்டோடு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள், பாலர் பாடசாலை விட்டு வரும் வழியில் றஞ்சிதா டினோஜாவை மறித்தாள். அங்கே அவள் ஆசிரியை.

"மச்சாள், குடியை விட்ட மனிசன் என்னத்துக்கு நேரத்துக்கு நேரம் குளிசை போடுறார்?"

"அவனிட்டக் கேள்."

"கேட்டனான். சத்து மருந்தாம். எனக்கென்ன விசரோ?"

"அது அவன்ர உடம்பு றஞ்சிதா. நான் சொல்லேலாது. ஆனா கேள். விடாமக் கேள்."

றஞ்சிதா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நல்ல ஆக்கள் நீங்கள். எல்லாருக்கும் தெரியும், கட்டப்போறவளுக்கு மட்டும் தெரியாது. உங்களிட்ட நான் இதை எதிர்பாக்கேல்லை."

அடுத்த ஞாயிறு இரண்டாவது ஓலை வாசித்த பிறகு அமிர்தநாயகம் தன் வீட்டில் சொந்தக்காரருக்குச் சாப்பாடு வைத்தார். பந்தி நீண்டது. மாமா எழும்பி நின்று, ஒரு மனிசன் கெட்டும் திருந்தலாம் என்பதற்கு றொட்னி சாட்சி என்று பேசத் தொடங்கினார். றொட்னியின் குளிசை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவனுக்குச் சேட்டுப் பொக்கற்றுக்குள் கை வைக்க வெட்கமாக இருந்தது.

படம் எடுக்க மாப்பிள்ளையும் பொம்பிளையும் முற்றத்துக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். றஞ்சிதா முதலில் போனாள். றொட்னி எழும்பி அறை வாசல்வரை வந்தான். நிலையைத் தாண்டப் போனபோது இரண்டு பாதமும் சீமெந்தில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிட்டன. உடம்பு முன்னுக்குச் சாய்ந்தது, கால் வரவில்லை. கை ஆடத் தொடங்கியது.

"திரும்பவும் தொடங்கிட்டான்போல" என்று யாரோ சொன்னார்கள்.

அமிர்தநாயகம் ஆட்களைத் தள்ளிக்கொண்டு வந்தார். "எங்கயடா ஊத்தினனி? இண்டைக்குமோ?"

றொட்னி வாயைத் திறந்தான். முற்றத்திலிருந்து றஞ்சிதா திரும்பி வந்து அவனுக்கு எதிரே நின்றாள்.

"சொல்லுங்கோ அத்தான். குடிச்சனீங்களோ?"

ஓம் என்றிருந்தால் மாமா திட்டியிருப்பார், இன்னொரு சத்தியம் கேட்டிருப்பார். கலியாணம் தள்ளிப்போயிருக்குமே தவிர நின்றிருக்காது. எல்லாருக்கும் அதுதான் வசதி. மாமாவின் கண்ணும் அதைத்தான் கேட்டது.

"இல்லை" என்றான் றொட்னி. "நான் ஒரு நாளும் குடிச்சதில்லை. மாதாவுக்கு முன்னால செய்தது பொய்ச் சத்தியம். எனக்கு நடுக்க வருத்தம். பிறப்பிலயே வந்தது. குளிசை போட்டாத்தான் நடப்பன். அது எங்கட இரத்தத்தில இருக்கு. றஞ்சி, உன்னட்டயும் இருக்கலாம். கலியாணத்துக்கு முதல் நீ சோதிச்சுப் பார்."

அமிர்தநாயகம் ஓங்கி அறைந்தார். பின்னால் கால் வைக்க முடியாமல் றொட்னி மரம்போல் விழுந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழும்பினார்கள். டினோஜா தண்ணீரோடு ஓடிவந்து அவனுடைய பொக்கற்றில் கை வைத்தாள். அவன் அவளுடைய கையைத் தட்டிவிட்டு, கிடந்தபடியே இடது கையால் குளிசையை எடுத்து வாயில் போட்டு வெறும் தொண்டையால் விழுங்கினான்.

"வெளியில போங்கோ!" அமிர்தநாயகத்தின் குரல் உடைந்தது. "குடும்பத்தோட போங்கோ! மதலேனா, நீயும்தான். இனி எனக்குத் தங்கச்சி இல்லை."

மதலேனா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள். மகனின் உதடு வெடித்து இரத்தம் வந்ததைக் கண்டு வழியில் நின்றாள். அதைத் துடைத்துவிட்டு, முதல்முறையாகத் தமையனின் வீட்டைப் பார்த்துக் கத்தினாள். "குடிக்காத பிள்ளையை ரெண்டு தரம் அடிச்சிட்டாய். உன்ர கை விளங்குமோ?" பிறகு டினோஜாவின் பக்கம் திரும்பி, "எல்லாம் நீ வந்த வரத்து" என்றாள்.

றஞ்சிதா தகப்பனிடம் கேட்காமல் சோதனைக்கு யாழ்ப்பாண பஸ் ஏறினாள். டினோஜாவையும் வரச்சொன்னாள், ஆனால் பஸ்ஸில் வேறு சீற்றில் இருந்தாள். இரத்தம் கொடுத்து முடிவு வரும்வரை டினோஜா லீவை நீட்டினாள். முடிவு கிடைத்த அன்றைக்கே றஞ்சிதா அவர்களுடைய வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"என்னட்ட இல்லையாம்" என்றாள் றொட்னியிடம்.

அவன் முகம் மலர்ந்தது.

"ஆனா நான் உங்களைக் கட்டமாட்டன்."

"றஞ்சி..."

"வருத்தத்துக்காக இல்லை. இருந்திருந்தாலும் ரெண்டுபேரும் இருந்து யோசிச்சிருப்பம். கோயில்ல ஓலை வாசிச்சவை. நீங்கள் பக்கத்து வரிசையில இருந்து கேட்டுக்கொண்டிருந்தனீங்கள். அண்டைக்கும் வாய் திறக்கேல்லை. எல்லாருக்கும் முன்னால கால் நிண்டபடியால்தான் சொன்னனீங்கள். நடந்திருந்தா சொல்லியிருப்பியளோ?"

றொட்னி நிலத்தைப் பார்த்தான். "தெரியேல்லை" என்றான்.

"எனக்கும் தெரியேல்லை. அதுதான்." அவள் திரும்பி நடந்தாள். தகப்பன் வீட்டில் அவளுக்கும் சோறு ஏச்சுப் பேச்சோடுதான் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். அவள் அவசரப்படாமல் நடந்தாள்.

வங்காலையில் றொட்னியை யாரும் படகில் ஏற்றவில்லை. அவன் மன்னார்த் தீவில் இருக்கும் தாராபுரத்துக்குப் போனான். அங்கே அஸீபா என்ற பெண் புருஷன் மௌத்தான பிறகு அவருடைய படகுகளைத் தானே நடத்திக்கொண்டிருந்தார். றொட்னி வேலை கேட்பதற்கு முன்னால் வருத்தத்தைச் சொன்னான். குளிசை போட்டால் எவ்வளவு நேரம் கை நிற்கும், பிறகு என்ன நடக்கும் என்பதையும் சொன்னான்.

"கடலுக்கு விடமாட்டன்" என்றார் அஸீபா. "கரையில எஞ்சின் கழட்டிப் பூட்டத் தெரியுமோ?"

"தெரியும்."

"அப்ப நாளைக்கு வாங்கோ. கை நிக்கிற நேரத்தில செய்யுங்கோ. நிக்காத நேரம் இருங்கோ. பொய் சொன்னா மட்டும் அண்டைக்கே போகவேண்டியதுதான்."

டினோஜா போகிற நாள் மதலேனா குசினியை விட்டு வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து, "சாப்பாட்டுப் பார்சல் மேசையில கிடக்கு" என்றாள். அவ்வளவுதான். றொட்னி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தான். கொழும்பு பஸ் புறப்படத் தயாராக நின்றது.

"குளிசை மன்னாரில சில நேரம் இல்லையெண்டு சொல்லுறாங்கள்" என்றான்.

"நான் கொழும்பில ஒராளைப் பிடிச்சு ஒழுங்கா அனுப்புறன்."

"ஆரிட்டயும் குடுத்து அனுப்பாத." அவன் பெட்டியை பஸ்ஸுக்குள் தள்ளினான். "நீ கொண்டு வா."

நடத்துநர் ஏறச் சொல்லிச் சத்தம் போட்டார்.

"எனக்கு இன்னும் உன்னில கோவம்தான்" என்றான் றொட்னி. "அதையும் வந்து கேட்டுட்டுப் போ."

பஸ் நகர்ந்தபோது அவன் கை காட்டவில்லை. தாராபுரத்துக்கு ஓட்டோ பிடிக்க றோட்டைக் கடந்துகொண்டிருந்தான்.